ராஜினாமா செய்யத் தெரியாத செயலாளர்

செயலாளரம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. சங்கத்துப் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டு, அக்கா வீட்டில் போய் இருக்க வேண்டும். அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன். துணைக்கு வேறு ஆள் கிடையாது. "இந்தத் தடவையும் நீ வரலைன்னா, இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அதென்ன சங்கம்? மனசு சரியில்லாதவர்களை உட்கார வைத்துப் பேசித் தேற்றுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம். அந்தப் படிப்பு படிக்கிற பிள்ளைகளும் அதில் உண்டு. பல் டாக்டருக்கு மேல் மாடியில் ஒரு அறை, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஸ்டூல், அதன் மேல் டிஷ்யூ பெட்டி. மாநாடு நடத்துவது, சந்தா கேட்டு நச்சரிப்பது, தண்ணீர் கேன் வந்ததா என்று பார்ப்பது எல்லாம் செயலாளரம்மா தலையில்தான்.

அவள் சொல்லாமல் இல்லை. போன கூட்டத்திலேயே எழுந்து, "இனிமே என்னால முடியாதுங்க" என்றாள். வேறு சங்கமாக இருந்தால் மறுத்துச் சண்டை போட்டிருப்பார்கள். இவளும் பதிலுக்குக் கத்திவிட்டு வெளியேறியிருப்பாள். இங்கே ஒருத்தர்கூட மறுக்கவில்லை. தலைவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "முடியாதுன்னு சொல்றீங்க... அந்தக் களைப்பு எப்படி இருக்கு, சொல்லுங்க" என்றார். பொருளாளர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஆலோசகி, "பாவம், தனியாவே சுமந்திருக்கீங்க" என்றாள். போதாதா? செயலாளரம்மா பொலபொலவென்று அழுதாள், மூக்கைச் சிந்தினாள், எல்லாருக்கும் நன்றி சொன்னாள், அடுத்த கூட்டத்துக்கான வேலையையும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"சொல்லிட்டியாடி?" என்று போனில் கேட்டாள் அக்கா.

"சொல்லிட்டேன்க்கா. எவ்வளவு நல்லா காது குடுத்துக் கேட்டாங்க தெரியுமா? மனசு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு."

"பஞ்சாகட்டும். பதவி போச்சா?"

செயலாளரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கூறுகெட்டவளே! உன்னைத் தடவிக் குடுத்தே வேலை வாங்குறாங்க. நீயும் சொகமா இருக்குன்னு உக்காந்திருக்கே!"

அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவளும் ஆலோசகிதான்; அவளிடம் வருகிற வாய் திறக்காத பிள்ளைகளை அவள் எதுவும் கேட்க மாட்டாள். எதிரே சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த அமைதி தாங்காமல் பிள்ளையே கொட்டித் தீர்த்துவிடும். அந்த வைத்தியத்தை அவர்களுக்கே கொடுத்தால் என்ன?

அடுத்த கூட்டம் வந்தது. "நாளைக்கு நான் எங்க அக்கா ஊருக்குப் போறேன். புது செயலாளர் யாருன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உதட்டைப் பூட்டிக்கொண்டாள்.

"போறேன்னு சொல்றப்ப உள்ளுக்குள்ள என்ன ஓடுது?" என்றார் தலைவர்.

பதில் இல்லை.

"எங்க மேல கோபமா?"

ம்ஹும். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தாள்.

மற்றவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர்களும் அதே படிப்பு படித்தவர்கள்தானே? வாயைத் திறந்தால் வேலை தலையில் விழும் என்று எல்லாரும் கப்சிப். கீழே பல் டாக்டரின் மிஷின் கொய்யென்று சுற்றியது. பொருளாளர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். ஆலோசகி மின்விசிறியையே பார்த்தாள். படிக்கிற பிள்ளைகள் இதுவும் ஒரு பாடம் என்று நினைத்து மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள். யாருடைய வயிறோ கடமுடா என்றது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தலைவருக்குத்தான் நெற்றியெல்லாம் வேர்த்தது. சட்டைப் பொத்தானைத் திருகினார். தண்ணீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். கடைசியில் துள்ளி எழுந்தார்.

"சரிப்பா, நானே செயலாளர் வேலையையும் பாத்துக்கறேன்! யாராவது பேசித் தொலைங்களேன்!"

அறையே இடிகிற மாதிரி கைதட்டினார்கள். செயலாளரம்மா ரப்பர் ஸ்டாம்பையும் சாவியையும் அவர் கையில் திணித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

பாதிப் படியில், மேலேயிருந்து அவர் குரல் தழுதழுத்தது. "எனக்குச் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்... யாரும் பேசலைன்னா பயந்துடுவேன்..."

அவள் கால் தானாக நின்றது. ஆயுசெல்லாம் பழகிய காது, திரும்பிவிட்டது. 'சொல்லுங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்து அதை விழுங்கினாள். அவருக்குக் காது கொடுக்க மேலே அத்தனை பேர் இருக்கிறார்கள். அக்காவுக்கு இவள் ஒருத்திதான். விடுவிடுவென்று இறங்கித் தெருவுக்கு வந்தாள்.