ஒரு விளக்கு தள்ளி

எங்கள் பெட்டிக்கு முறையான பெயர் கிடையாது. அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் அதை ‘டப்பா’ என்றார். அதுவே நிலைத்துவிட்டது. அதில் என்ன முன்னேற்றம், யார் எங்கே கட்டுகிறார்கள், எது ஓடவில்லை என்று எழுதி, கப்பல் கிடைக்கும்போதெல்லாம் நாங்கள் அனுப்பிய தாளுக்கு ‘டப்பா சமாசார்’ என்று பெயர்.

இரண்டு பேர் ஆடும் விளையாட்டுப் பெட்டி அது. பிளைவுட் பலகையின் மேல் ஒன்பது ஜோடி சிறு விளக்குகள், வரிசைக்கு மூன்றாக. ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி; அதில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஓரத்தில் ஒரு மணி. உள்ளே தொலைபேசி நிலையத்தில் கழித்துப்போட்ட ரிலேக்கள், மின்சாரத்தால் தானே திறந்து மூடும் ஸ்விட்சுகள். அவற்றைக் கடைக்காரர் எடைக்கு வாங்கிக் கோணியில் கட்டி வைத்திருந்தார். எந்த ஆட்டம் ஆடுகிறோம் என்பது பெட்டிக்குத் தெரியாது. இப்போது யாருடைய முறை, அந்தப் புள்ளி காலியா, காலியென்றால் விளக்கைப் போடு, இல்லையென்றால் மறு. இவ்வளவுதான் அதன் வேலை. ஆட்டத்தின் விதி தனியே ஒரு கட்டையில் கம்பி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். கட்டையை மாற்றிச் செருகினால் ஆட்டம் மாறிவிடும்.

வரைபடம் கேட்ட எல்லாருக்கும் கொடுத்தோம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாற்றினால் எங்களுக்கு எழுத வேண்டும் என்பது மட்டும் பேச்சு. இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு மாற்றத்தைச் செய்தவர் சொன்னால் மட்டும் அது தாளில் ஏறாது. வேறு ஊரில் வேறொருவர் அதைக் கட்டி ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று எழுத வேண்டும். மாயாபந்தரில் ஒரு பள்ளி ஆசிரியர், ஹட்பேயில் மரக்கிடங்கு மெக்கானிக் ஒருவர், தெற்கே நிக்கோபார்த் தீவு ஒன்றில் ரப்பர் தோட்டத்தின் ஜெனரேட்டரைக் கவனித்துக்கொண்ட எலக்ட்ரீஷியன் ஒருவர். எங்கள் ஊர்கள் இவை. கடைசியாகச் சொன்னவர் இலங்கையின் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, குடும்பத்தோடு இங்கே குடியேறியவர்.

நான் மெயின்லேண்டில் பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்து மின்சாரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வீடு டாலிகஞ்சில். அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த வங்காளிக்காரர், அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிட்டவர்தான் தாளை ஸ்டென்சில் வெட்டிச் சைக்ளோஸ்டைல் எடுப்பார். அது இந்தியில் இருக்கும். ரப்பர் தோட்டத்துக்குப் போகும் பிரதியை நான் தமிழில் கையால் எழுதுவேன். அந்த மழைக்காலம் முடிகிற நேரத்தில் அங்கிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது.

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் ஒருவர்மேல் மழையில் கிளை முறிந்து விழுந்திருந்தது. போர்ட் பிளேரில் பல மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு இல்லை. தலையாட்டவும் முடியாது. இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மெதுவாக அசையும். அவருக்கு எல்லாம் புரிகிறது என்று மனைவி சொன்னாள். மற்றவர்கள் இல்லை என்றார்கள். அவருடைய வேலையைத் தோட்டத்தில் மனைவிக்குக் கொடுத்திருந்தார்கள். சின்னப் பெண் குழந்தை ஒன்று. மனைவி ரப்பர்க் காட்டுக்கு வேலைக்குப் போனால் இவரைப் பார்க்க ஆளில்லை. ஆகவே அவரை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய், இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்றில் விட்டுவிடுவது என்று அவருடைய அண்ணன் முடிவு செய்திருந்தார். மனைவி அழுது மன்றாடியதில் அவர் ஒரு வார்த்தை கொடுத்தார். தம்பிக்கு அறிவு இருக்கிறது என்று யாராவது காட்டினால் போதும், அனுப்பமாட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு ஸ்விட்சை வைத்துப் பெட்டியை ஆட முடியுமா என்று எலக்ட்ரீஷியன் எங்களைக் கேட்டிருந்தார்.

அதுவரை புள்ளிக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. விளக்கு தானாக ஒவ்வொரு புள்ளியாக ஓடட்டும், வேண்டிய இடத்துக்கு வரும்போது ஒரே ஸ்விட்சை அமுக்கட்டும் என்று வரைந்தோம். ஹட்பே மெக்கானிக் கட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று எழுதினார். முதல் படம் தெற்கே போயிற்று. பிறகு ஒருநாள் தாதா டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு அலட்சியமாக அமுக்கியபோது, பச்சை அடுத்த புள்ளியில் போய் விழுந்தது. நாங்கள் எல்லாரும் விளக்கு வந்தவுடன் அமுக்குகிறவர்கள். தாமதித்து அமுக்கினால் ரிலே பிடிப்பதற்குள் விளக்கு நகர்ந்துவிடுகிறது. அதனால் அமுக்கியதும் முதலில் ஓட்டம் நிற்க வேண்டும், பிறகுதான் புள்ளியைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டாவது படம் வரைந்தோம். மாயாபந்தர் ஆசிரியர் சரிபார்த்தார். அதையும் அனுப்பினோம்.

பதில் வந்தபோது தாதாவும் நானும் சேர்ந்து படித்தோம். பெட்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் அந்த மனிதருக்குப் புரியவில்லை என்று எலக்ட்ரீஷியன் எழுதியிருந்தார். காயைக் கண்ட இடத்தில் வைக்கிறாராம். ஏற்கெனவே அடைபட்ட புள்ளியிலேயே திரும்பத் திரும்ப வைக்கப் பார்க்கிறாராம். பல ஆட்டம் பார்த்தாயிற்று. அடுத்த கப்பலுக்கு அண்ணன் ஏற்பாடு செய்துவிட்டார்.

அந்தக் கப்பலில் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு குழு, தோட்டத்து ஜெனரேட்டரின் மின்பலகையைப் பார்வையிடப் போக இருந்தது. என்னையும் சேர்க்கும்படி மேலதிகாரியிடம் கேட்டேன். பெண்ணுக்கு அங்கே தங்க இடமில்லை என்றார். எலக்ட்ரீஷியன் வீட்டில் தங்குவேன் என்றேன். தாதா தனியாக அவரிடம் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, அனுமதி கிடைத்தது. எங்களை இறக்கிவிட்டுக் கப்பல் இன்னும் தெற்கே போகும். திரும்பி வரும்போது எங்களையும், அண்ணன் தம்பி இருவரையும் ஏற்றிக்கொள்ளும்.

பலகை வேலை கப்பல் திரும்புகிற நாள்வரை என்னை விடவில்லை. அன்று மதியச் சாப்பாடு ஆனதும் எலக்ட்ரீஷியன் என்னை லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அழைத்துப் போனார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கட்டிலில் அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்தியிருந்தார்கள். நன்றாகச் சவரம் செய்த முகம். லாரி பாட்டரியில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கதவோரத்தில் துணிமூட்டை ஒன்று கட்டித் தயாராக இருந்தது.

அண்ணன் என்னை உட்காரச் சொன்னார். கடுமையான மனிதராகத் தெரியவில்லை. களைத்துப்போயிருந்தார்.

“நீங்க கப்பலேறி வந்து பாக்குற அளவுக்கு இதுல ஒண்ணுமில்ல மிஸ். எம் மேல குத்தம் சொல்லாதீங்க. நாளைக்கு இவ புள்ளைய பாப்பாளா, காட்டுக்குப் போவாளா, இவனத் தொடைச்சு விடுவாளா?” என்றார். பிறகு தம்பியைப் பார்க்காமலே, “அன்னிக்கே போயிருந்தான்னா ஒரு அழுகையோட முடிஞ்சிருக்கும்” என்றார்.

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பேச்சு அந்த அறைக்குப் புதிதல்ல என்று தெரிந்தது.

எனக்காக ஒரு ஆட்டம் வைத்தார்கள். அண்ணனுக்குச் சிவப்பு, தம்பிக்குப் பச்சை. மூன்று விளக்கை ஒரே நேர்கோட்டில் சேர்ப்பவருக்கு மணி அடிக்கும். அறையில் வேறு இடமில்லாததால் நான் கட்டிலின் இடது பக்கம், அவர் கைக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மேல் வரிசையில் முதல் இரண்டு புள்ளிகளையும் பிடித்துவிட்டார். மூன்றாவதை அடைத்தால்தான் தம்பி தப்ப முடியும். விளக்கு ஓடத் தொடங்கியது. முதல் புள்ளி, இரண்டாவது புள்ளி. மூன்றாவதுக்கு வந்தவுடன் அந்த விரல் இறங்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். இறங்கி ஸ்விட்சைத் தொட்டு அமுக்க அதற்கு நேரம் பிடித்தது. ஸ்விட்ச் படிந்தபோது விளக்கு மூன்றாவதில்தான் இருந்தது. பச்சை எரிந்தது நான்காவதில், அடுத்த வரிசையின் தொடக்கத்தில்.

“பாத்தீங்களா” என்றார் அண்ணன். மூன்றாவதைத் தானே எடுத்துக்கொண்டார். மணி அடித்தது.

எல்லாரும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்குகளைப் பார்த்தால் அவருக்குப் புத்தி இல்லை என்றுதான் தோன்றும்.

பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது முதல் படத்தின் கம்பி.

“அண்ணே, இதுக்கப்புறம் இன்னொரு படம் அனுப்புனோமே, வரலையா?” என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டேன்.

“வந்துச்சே தங்கச்சி. அதுதானே மொதல்ல வந்துச்சு. அதத்தான் போட்டு வச்சிருந்தேன். பொறவு அடுத்த கப்பல்ல இது வந்துச்சு. சரி, மாத்திட்டாங்கபோலன்னு அத அவுத்துட்டு இதப் போட்டேன்.”

முதல் படம் இருந்த தபால் பை, கடல் கொந்தளிப்பால் இங்கே இறக்க முடியாமல் போய், எந்தெந்தத் தீவையோ சுற்றிவிட்டு, இரண்டாவது படத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனை யாரும் குறை சொல்ல முடியாது. தீவுகளில் செய்தித்தாளோ, மாற்றல் உத்தரவோ, அரிசி விலையோ, கடைசிக் கப்பலில் வந்ததுதான் கடைசிச் செய்தி. எங்கள் தாளிலும் ‘இந்தக் கப்பல் முதல் இப்படிச் செய்யவும்’ என்றுதான் எழுதுவோம். எது முந்தியது, எது பிந்தியது என்று காட்ட அதில் ஒன்றும் இருந்ததில்லை. அவர் தன் விரலால் சோதித்துப் பார்த்திருக்கிறார். லயத்துக்காரர்கள் பலரும் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அது சரியாகவே ஓடியது.

நானும் அவரும் உட்கார்ந்து கம்பியை மாற்றினோம். சாலிடரிங் அயனை அடுப்பிலேயே காய்ச்சிக்கொண்டோம். முடிந்ததும் அவர் வழக்கம்போல் விளக்கு வந்தவுடன் அமுக்கி, ஓடுகிறது என்றார். அப்படியில்லை, தாமதித்து அமுக்குங்கள் என்றேன். விளக்கு போகப் போகும் நேரத்தில் அமுக்கினார். நின்றது. இன்னொரு முறை செய்தார். நின்றது. என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மூடியைத் திருகினார்.

அண்ணன் வேண்டாவெறுப்பாகத்தான் திரும்பவும் உட்கார்ந்தார். கப்பல் நேரமாகிறது என்றார். நடுப்புள்ளியில் சிவப்பை வைத்தார். தம்பியின் பச்சை மேலே இடது மூலையில் விழுந்தது. அண்ணன் மேலே வலது மூலை. இப்போது கீழே இடது மூலையை அடைக்காவிட்டால் மூலைக்கு மூலை சிவப்பு மூன்றாகிவிடும். விளக்கு ஓடியது. விரல் இறங்கியது. பச்சை கீழே இடது மூலையில் எரிந்தது. மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். அண்ணன் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இத்தனை நாளும் எதிரில் ஆளில்லாத ஆட்டம் ஆடிப் பழகியவர், தன் வலது ஓரத்தைச் சேர்ப்பதிலேயே கண்ணாக, கீழே வலது மூலையில் வைத்தார். இடது ஓரத்தில் இரண்டு பச்சைக்கு நடுவே ஒரு புள்ளி காலியாக இருந்தது.

விளக்கு மேல் வரிசையைத் தாண்டி நான்காவதுக்கு வந்தது. நின்றது. மணி அடித்தது.

மணியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எலக்ட்ரீஷியன்தான் கை நீட்டி நிறுத்தினார்.

“இன்னொரு தடவ” என்றார் அண்ணன். இந்த முறை யோசித்து யோசித்து வைத்தார். எல்லாப் புள்ளியும் நிரம்பியது, யாருக்கும் மணி அடிக்கவில்லை. ஒவ்வொரு அடைப்பும் அதனதன் இடத்தில் இருந்தது.

மனைவி சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப, இங்க நாம பேசுனதெல்லாம் இவருக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சா?”

அண்ணன் எழுந்து வெளியே போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். வாசல் வழியாக அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அந்த அறையில் எத்தனை மாதம், எத்தனை பேர், தம்பியின் காதுபடவே அவரைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கொஞ்சம் முன்னால் பேசியதை நானே கேட்டேனே.

“ஆட்டம் போதும் மிஸ்” என்றாள் மனைவி. “அவரு பதில் சொல்ற மாதிரி எதாச்சும் செஞ்சு குடுங்க.”

அதற்குக் கம்பி மாற்ற வேண்டியதே இல்லை. காகிதத் துண்டுகளில் எலக்ட்ரீஷியன் எழுதினார், கஞ்சியைத் தொட்டு விளக்குகளுக்கு அடியில் ஒட்டினோம். ஆமா. இல்ல. தண்ணி. பசி. வலி. திருப்பிப் படுக்க வை. புள்ளையக் கூப்பிடு. எட்டாவதுக்கு என்ன எழுதுவது என்று மனைவியைக் கேட்டார். “போதும், நிறுத்து” என்றாள். ஒன்பதாவதை அவருக்காகக் காலியாக விட்டோம்.

கப்பல் துறைப் பக்கமிருந்து ஊதல் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தார். மூட்டையைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டுக் கட்டிலின் எதிரே உட்கார்ந்தார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“எம் மேல கோவமாடா?”

விளக்கு ஓடியது. ‘ஆமா’வைத் தாண்டியது, ‘இல்ல’வைத் தாண்டியது. விரல் அசையவில்லை. ஒரு சுற்று முடிந்து மறுபடியும் ‘ஆமா’வுக்கு வந்தது. இரண்டையும் அது மறுபடி தாண்டியது. மூன்றாவதில் விரல் இறங்கியது. பச்சை நின்றது.

தண்ணி.

மனைவி எழப் போனாள். “நீ இரு” என்று சொல்லிவிட்டு அண்ணனே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். கரண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள். கையை எப்படி வைப்பது, தலையை எவ்வளவு சாய்ப்பது என்று ஒவ்வொன்றாக அவளைக் கேட்டுக் கேட்டு ஊட்டினார். பாதி கழுத்தில் வழிந்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தார்.

இரண்டாவது ஊதல் கேட்டபோது நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவர்கள் யாரும் எழவில்லை.