பெரிய ஜட்ஜ் வந்த நாள்

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். எரியோட்டிலிருந்து ஒரு விதவை எங்களிடம் வருவார். கருத்த, உயரமான, நடுவயதுப் பெண். கிணற்றில் தன் பங்கைப் பறித்துக்கொண்ட கொழுந்தன்மேல் அவர் போட்ட வழக்கு, வாய்தா வாய்தாவாக ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. கோர்ட் டவாலி யார் பெயரைக் கூப்பிட்டாலும் அவர் எழுந்து நிற்பார். சிரிப்பவர்களிடம், "எம்பேராவும் இருக்கலாம்ல?" என்பார்.

ஒருமுறை, அந்த வழக்கை விசாரித்துவந்த முன்சீப்பின் வேலையைச் சோதிக்க மதுரையிலிருந்து ஜில்லா ஜட்ஜ் வந்தார். பழைய வழக்குகள் தேங்கிக் கிடந்தால் முன்சீப்புக்குக் கெட்ட பெயர். அன்று காலை வராந்தாவில் கூட்டம் கூடாதென்று கட்சிக்காரர்களையெல்லாம் வெளிவாசலுக்குத் துரத்திவிட்டார்கள். உள்ளே தன் பெயரைக் கூப்பிட்டது அங்கே நின்ற எரியோட்டுப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. எங்கள் வக்கீலோ வேறொரு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தார். வாதி ஆஜராகவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார் முன்சீப்.

நான்தான் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். "மனுப் போட்டா திரும்ப எடுத்துக்கிருவாக, அக்கா."

அவர் அழவில்லை. ஜட்ஜ் வந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய ஐயா எதைப் பாக்க வந்திருக்காரு?"

"பழைய கேஸெல்லாம் முடிஞ்சிருச்சான்னு பாக்க."

"அப்ப முடிஞ்சிருச்சுன்னு போய்ச் சொல்லிரு, அப்பு" என்றவர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

மனுவில் கைநாட்டு வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியும் அவர் வரவில்லை. முன்சீப்பும் நாங்களும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருப்போம். அது தப்பு என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.