பூநகரிக் கோட்டைக்கு ஒரு வெறும் வரி

காலை 5.40. கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். ஓட்டியவர் என் கணவர் குமரன். பின்னால் நான், மடியில் ரேடியோப் பை, கையில் ஒரு நீளமான தூண்டில் தடி. பரந்தன் தேத்தண்ணிக் கடைக்காரர் தடியைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, மீனுக்கோ?" என்றார். "ஓம் அண்ணை, வானத்தில மீன் பிடிக்க" என்றார் இவர். பிளேன்ரீ ஐம்பது ரூபாய். பகிடி இலவசம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மின்னியல் படிப்பிக்கிறவள். பொழுதுபோக்கு வானொலிக்காரியும்கூட. பரீட்சை எழுதி, அரசாங்க அனுமதிப்பத்திரம் எடுத்து, எனக்கென்று ஓர் அழைப்புக்குறியோடு முன்பின் தெரியாதவர்களுடன் பேசுவேன். எங்கள் ஆட்களிடம் இலங்கைக் கோட்டைகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஒரு கோட்டைக்கு ரேடியோவைக் கொண்டுபோய், ஒரே நாளில் பத்துப் பேருடன் பேசினால், அதற்கு நேரே உங்கள் குறி ஏறும். காலிக்கு நேரே எத்தனையோ குறிகள். பூநகரிக்கு நேரே வெறும் வரி. அடுத்த ஞாயிறு தெற்கிலிருந்து ஒரு குழு வரப்போவதாக அறிவித்தும்விட்டார்கள். அதற்கு முன் அங்கே ஒரு கிளிநொச்சிக்காரியின் குறி ஏறவேண்டும். எனக்கு அதுதான் வெறி.

பரந்தனிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். 6.35க்குக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்தது. முருகைக்கல் மதில், பாதி இடிந்து, இடுப்பளவு புல்லோடு நிற்கிறது. மதிலில் நாங்கள் கை வைக்கவில்லை. தடியை ஒரு பற்றைக்குள் நட்டு, உச்சியில் வயரைக் கட்டி, இன்னும் இரண்டு வயரை நிலத்தில் விரித்தோம். குரல் தூரம் போக அதுவும் வேண்டும்.

7.10க்கு நீர்கொழும்பிலிருந்து முதல் குரல். பிறகு திருநெல்வேலி, கொச்சி, கண்டி. வெயில் ஏறினால் இந்த அலைவரிசை படுத்துவிடும் என்பதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் கூப்பிட்டேன். 8.50க்கு ஒன்பது பேர். பத்தாவது ஆள் மங்கலாகக் கேட்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். நான் நிமிர முதல் இவர் தடியைச் சரித்து, வயரை இழுத்து அறுத்து, ரேடியோவுக்கு மேல் பையில் கிடந்த சாரத்தை எடுத்துப் போட்டு மூடிவிட்டார்!

"இஞ்சேருங்கோ, என்ன விசர் வேலை இது? பேப்பர் இருக்கெல்லே!"

"ஆரோ வருகினமடி" என்றார். ஒரு டோர்ச் பற்றறி வைத்திருந்ததற்கே அடி வாங்கிய போர்க்காலத்தில் வளர்ந்த மனிசன். அவரைத் திட்டியும் பயனில்லை. ஆனால் வந்தவர் சந்தேகப்பட அந்த ஒரு அசைவு போதும்.

முழுக்கைச் சட்டை, கையில் போன். எந்த அலுவலகம் என்று கேட்டேன். "அது உங்களுக்குத் தேவையில்லை." பிறகு இவரைப் பார்த்து, "என்ன ஒளிச்சனீங்கள்? நிலத்துக்கை வயர் என்னத்துக்கு? புதைச்ச தங்கம் தேடுறியளோ?"

"ரேடியோ என்ரை. லைசன்சும் என்ரை. என்னட்டைக் கேளுங்கோ" என்றேன்.

அவர் இவரிடமே கேட்டார்: "இவா என்ன வேலை செய்யிறா?"

பத்திரத்தைப் படம் எடுத்தார். எங்கள் அடையாள அட்டைகளையும், மோட்டார் சைக்கிள் இலக்கத்தையும், என் முகத்தையும் எடுத்தார். "மேல கேக்கவேணும். அதுவரைக்கும் இருங்கோ." இருந்தோம். ஒன்பது மணிக்கு இருந்தோம், பதினொன்றுக்கும் இருந்தோம். இடையில் ஒரு வான் நிறைய வெளிநாட்டுக்காரர் வந்து, கோட்டைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டார்கள். அவர்களிடம் இந்த ஆள் ஒரு துண்டுப் பேப்பர் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, அவர்களின் போனை வாங்கிச் சிரிக்கச் சொல்லிப் படமும் எடுத்துக் கொடுத்தார்!

"அவைக்கு என்ன லைசன்ஸ் இருக்கு?"

"அவை சுற்றிப் பாக்க வந்தவை."

"நாங்கள்?"

அவர் போனை நோண்டத் தொடங்கினார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. பிறந்த மாவட்டத்தில் ஒரு பழைய மதிலுக்குப் பக்கத்தில் இருக்க நான் காரணம் சொல்லவேணும். விமானத்தில் வந்தவனுக்குக் காரணமே வேண்டாம்.

1.15க்குப் போன் வந்தது. "சரியாம், போங்கோ" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. போகும்போது, "இனிமேல் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றார். யாரிடம் சொல்வது என்று சொல்லவில்லை.

"வீட்டை போவம்" என்றார் இவர். மாட்டேன் என்றேன். அறுந்த வயரை முறுக்கிக் கட்டினார். வெயில் சரியும்வரை காத்திருந்தோம். 4.05க்கு மாத்தறையிலிருந்து ஒரு முதியவர் கண்ணாடி போலத் தெளிவாக வந்தார். பத்தாவது ஆள்! ஓய்வுபெற்ற ஆசிரியராம். பூநகரி என்றதும் குரலே மாறிவிட்டது. ஆங்கிலத்தில் ஆசை ஆசையாகக் கேட்டார்: அங்கே நிலைமை எப்படி, வந்து போகலாமா, யாரும் தொந்தரவு செய்தார்களா?

மைக் என் கையில். காலையிலிருந்து நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சட்டையும் போனும் ட்ரோனும் என் முகத்தின் படமும். அந்த மனிதர் உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன். "எல்லாரும் நல்ல உதவி."

யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று, சொல்ல முதல் ஒரு தரம் மதில் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இவர் அதைக் கண்டார். வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

வீடு வந்தபோது இரவு ஏழரை. நான் சொன்னதை மாத்தறைக்காரர் எங்கள் வானொலி ஆட்களின் போன் குழுவில் அதற்குள் எழுதியிருந்தார். அடுத்த ஞாயிறு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, குடும்பத்தோடு வருவதாகப் பதில் போட்டிருந்தார்கள். பட்டியலில் பூநகரிக்கு நேரே இப்போது அவர் எழுதியது நிற்கிறது: "அருமையான இடம். எந்தத் தொந்தரவும் இல்லை." அதற்குச் சாட்சியாக என் அழைப்புக்குறி.