பதினாறு என்று சொல்லாமல் விட்டேன்

இன்று காலை இறந்த நண்பர் ஏழுமலைக்கு அஞ்சலி பேனர். அவருடைய படகின் நீலத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

படகுப் படத்தில் எடுத்த நிறக் குறியீடு 104080. நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைச் சிவப்பு 10, பச்சை 40, நீலம் 80 என்று மாற்றித் தந்தது. திருவொற்றியூர் கடையில் அப்படியே அச்சடித்தார்கள்.

"இன்னா நைனா, கறுப்பா கீது?" என்றார் கடைக்காரர்.

"உன் மிஷின் கோளாறு."

வெளியே வந்து கைபேசியில் நிரலைப் பார்த்தேன். இது பதினாறை அடியாகக் கொண்ட எண் என்று அதில் குறிப்பிட மறந்திருக்கிறேன். வர வேண்டியது 16, 64, 128.

உள்ளே போய்ச் சொன்னேன்.

"பாடி எடுக்க அரை மணிகூட இல்ல நைனா. இதையே கட்டிடு."

கட்டினேன். அழுகையும் வரவில்லை.

இத்தகைய குறியீட்டில் A முதல் F வரை எழுத்துகளும் வரும்; ஓர் இணையாவது எழுத்தில் தொடங்கியிருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும். ஆகவே என் தப்பு பாதிதான். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.