பொட்டு வைத்த போர்டுகள்

பெரம்பலூருக்கு டிவி கம்பெனி வந்தபோது எங்கள் ஊரில் ஒருவர் வீட்டிலும் டிவி கிடையாது. சினிமா கொட்டகைத் திரையைச் சுருக்கிப் பெட்டிக்குள் அடைத்தது போல இருக்கும் என்று பார்க்காதவர்களே ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் இருக்கிற போர்டைச் செய்கிற வேலைக்குத்தான் நான் போனேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் பருத்திக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி மெட்ராஸ்காரர்களுடையது. பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால் அரசாங்கம் இடம் கொடுத்தது, மானியம் கொடுத்தது, கரண்ட்டில் சலுகை கொடுத்தது. அதனால்தான் எங்களைத் தேடி வந்தார்கள். எங்கள் வானம் பொய்த்ததிலும், கிணறு வற்றியதிலும் இப்படி ஒருவருக்கு லாபம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அரியலூர் ரோட்டில் ஒரு பெரிய ஷெட் போட்டார்கள். வேலைக்குப் பெண்களை மட்டும் எடுத்தார்கள். “பொம்பளப் புள்ளைங்களுக்குத்தான் விரல் மெலிசு, வேலை சுத்தமா இருக்கும்” என்றார் மேனேஜர். விரல் காரணமில்லை, நாங்கள் கொடி பிடிக்க மாட்டோம் என்பதுதான் காரணம் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

அப்பா லேசில் விடவில்லை. அவருக்குத் திருமானூர்ப் பக்கம் மாமா வீட்டில் என்னைக் கொடுக்கிற எண்ணம். மாமன் மகன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. கரும்பு போட்டுக்கொண்டு தன் பாட்டுக்கு இருந்தார். ஆனால் எனக்கு வேலைக்குப் போக வேண்டும். கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார்.

“ஒரு வருஷம் டிரெய்னிங்குன்றாங்க. அது முடிஞ்சு பெர்மனென்ட் பண்ணிட்டாங்கன்னா உன் இஷ்டம். நான் வாயே தொறக்க மாட்டேன். பண்ணலன்னா தை மாசம் கல்யாணம். அப்ப அழுவக் கூடாது.”

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த வருஷம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் உழைத்தேன்.

வேலை இதுதான். உள்ளங்கையைவிடப் பெரிய பச்சைப் பலகை. அதன் ஒரு பக்கம் செம்புக் கோடுகள் ஓடும். மறுபக்கத்திலிருந்து சின்னச் சின்ன உருப்படிகளின் கம்பிக் கால்களை ஓட்டைக்குள் விட்டு, சூடான சால்டரிங் கம்பியால் ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். ஈயம் பளபளவென்று கூம்பி நிற்க வேண்டும். மங்கலாக இருந்தால் உள்ளே ஒட்டவில்லை என்று அர்த்தம், டிரை சால்டர் என்பார்கள். செம்புக் கோட்டில் விரல் படக் கூடாது, வேர்வை பட்டால் பச்சை பிடிக்கும். இதெல்லாம் எங்களுக்கு மேனேஜர் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்களுக்கு முன்னால் எடுத்த பெண்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் பழகியதும் அவர்களை அனுப்பிவிட்டார்கள்.

“அவங்களுக்கு ஏன் சார் பெர்மனென்ட் ஆவல?” என்று கேட்டோம்.

“அவங்களுக்கு வேகம் பத்தலம்மா. நீங்க அப்படி இல்ல” என்றார். நாங்களும் நம்பினோம். நம்மைப் புகழ்ந்தால் நம்பாமல் இருப்பது கஷ்டம்.

என் பக்கத்து ஸ்டூலில் விக்கிரமங்கலத்துப் பெண் ஒருத்தி. காலனியிலிருந்து பிளஸ் டூ படித்த முதல் பெண் அவள்தான். பெரம்பலூரில் நாலைந்து பெண்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. இவளுக்குக் கீழே தங்கைகள். முதலில் சாப்பாட்டு நேரத்தில் சில பெண்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு மாதத்தில் எல்லார் சேலையிலும் ஒரே ஈயப் புகை வாடை. அதற்குப் பிறகு தள்ளி உட்காருவது கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை, குறைந்தது. அவள் கை வேகம் எங்கள் யாருக்கும் வராது. அதைவிட முக்கியம், அவளுக்கு வாய் உண்டு. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு புது கும்பலை உள்ளே விட்டார்கள். எல்லாம் எங்களைப் போலவே பிளஸ் டூ முடித்த பெண்கள். ஆளுக்கு ஒருத்தியை எங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, சொல்லிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர். கம்பெனி பெரிதாகிறது, தீபாவளியோடு உங்களை பெர்மனென்ட் பண்ணிவிடுவோம், அப்புறம் இவர்களை மேய்ப்பது நீங்கள்தான் என்றார். நாங்கள் பூரித்துப்போய்ச் சொல்லிக் கொடுத்தோம். விக்கிரமங்கலத்துக்காரி மட்டும் ஒரு நாள் என் காதில் சொன்னாள்.

“ஸ்டூலு அதேதான் இருக்கு. ஒண்ணு கூடப் புதுசா வாங்கல. நம்ம எங்க ஒக்காரப் போறோம்?”

நான் அவளைச் சும்மா இரு என்றேன்.

அந்த மாதமே ஆயுத பூஜை வந்தது. பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டுகிறார்கள், லாரிக்குப் பொட்டு வைக்கிறார்கள், தையல் மிஷினுக்கு மாலை போடுகிறார்கள். எங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல்? மேனேஜரிடம் கேட்டோம். தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்லி, பொரி கடலையும் அவரே ஆள் விட்டு வாங்கி வரச் சொன்னார். சந்தனம் நான் வீட்டில் அரைத்துக் கொண்டு போனேன். ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டோம். சால்டரிங் கம்பிகளைத் துடைத்து வாழை இலையில் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தோம். அதோடு நின்றிருக்கலாம். முடித்து வைத்த போர்டுகள் மறுநாள் மெட்ராஸுக்குப் போவதற்காகத் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. விக்கிரமங்கலத்துக்காரி அதைப் பார்த்தாள்.

“கலப்பைக்கு மட்டுமா கும்புடுறோம்? களத்துல நெல்லு குமிஞ்சா அதுக்கும்தான கும்புடுறோம். நம்ம வெளைச்சல் இதான?”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஒவ்வொரு போர்டாக எடுத்துப் பொட்டு வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. செம்புக் கோடே ஓடாத ஒரு மூலை உண்டு, திருகு மாட்டுகிற ஓட்டைக்குப் பக்கத்தில். அந்த வெற்றிடத்தில் மோதிர விரலால் ஒரு துளி சந்தனம், அதன் மேல் குங்குமம். ஈயம் வைத்த அதே கவனத்தோடு வைத்தோம். மேனேஜர் வந்து பூசணிக்காய் உடைத்தார். தட்டுகளைப் பார்த்து, “நல்லா அழகா இருக்கும்மா” என்றார். அவர் நெற்றியிலும் அதே சந்தனம்.

விடுமுறை முடிந்து போனபோது ஷெட் கதவு பாதிதான் திறந்திருந்தது. எங்களை வாசலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். மேனேஜருக்குப் பக்கத்தில் மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர், கழுத்தில் டை. அவர் பேசவே இல்லை, மேனேஜர்தான் பேசினார். நாங்கள் சந்தனம் வைத்ததில் ஈரம் இறங்கி அந்தச் சரக்கு முழுக்க வீணாகிவிட்டதாம். மேலிடத்தில் ரொம்பக் கோபமாம். நஷ்டத்தை எங்களிடம் கேட்கப் போவதில்லையாம், பெரிய மனது பண்ணி விட்டுவிடுகிறார்களாம். ஆனால் டிரெய்னிங்கை இத்தோடு முடித்துக்கொள்கிறார்களாம்.

சிலர் அழுதார்கள். விக்கிரமங்கலத்துக்காரி வரிசையை விட்டு முன்னால் போனாள்.

“கெட்டுப்போன போர்டு ஒண்ண காட்டுங்க சார்” என்றாள்.

“அதெல்லாம் மெட்ராஸுக்குப் போயிடுச்சும்மா.”

“கெட்டுப்போனத எதுக்கு சார் அவ்வளவு தூரம் அனுப்புனீங்க?”

மேனேஜர் டை கட்டியவரைப் பார்த்தார். டை கட்டியவர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் எங்களை வெளியே போகச் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். பாதி திறந்த கதவு வழியாக, நாங்கள் பழக்கிவிட்ட பெண்கள் எங்கள் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, போன வருஷம் நாங்களும் அப்படித்தான் குனிந்துகொண்டோம்.

பஸ் ஸ்டாண்டில் சில பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். போர்டுக்குப் பொட்டு வைக்கச் சொன்னது அவள்தானே, அவள் கை பட்டதால்தான் இப்படி ஆயிற்று என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “சந்தனம் என் வூட்டு சந்தனம். பேசணும்னா என்னைய பேசுங்கடி” என்று கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் ஏறுகிறபோது, “போர்டு கெட்டிருக்காது. நீ வேணா பாரு” என்றாள். அவள் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான்.

அப்பா திட்டவில்லை. “கரண்டு சாமானுக்கு யாரு சந்தனம் வைக்கச் சொன்னது?” என்று மட்டும் கேட்டார். மறுநாளே திருமானூருக்குக் கிளம்பிப் போனார். தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் அழவில்லை, பேச்சு அப்படித்தானே.

மாமா வீட்டில் வேறு எதுவும் கேட்கவில்லை, ஒரு டிவி வைத்தால் கௌரவமாக இருக்கும் என்றார்கள். அப்பா அரியலூரில் ஒரு கடையில் வாங்கினார். அட்டைப்பெட்டியில் எங்கள் கம்பெனி பேர் பெரிதாகப் போட்டிருந்தது. “நீ வேல பாத்த கம்பெனியோடதுதான். கூடவே இருக்கட்டும்னு வாங்குனேன்” என்றார். பாசமாகத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூரைக்கு மேல் மூங்கில் கட்டி ஆண்டெனாவை நிறுத்தினோம். முதலில் வெறும் புள்ளி புள்ளியாக இரைந்தது. பிறகு எங்கள் பக்கமும் படம் தெரிய ஆரம்பித்தது. தெருவே வந்து உட்கார்ந்து பார்த்தது. நான் மட்டும் அதன் முன்னால் உட்கார மாட்டேன். மனதில் ஒரே ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. உண்மையிலேயே ஈரம் இறங்கியிருக்குமோ? சந்தனத்தை நான்தான் தண்ணியாக அரைத்துவிட்டேனோ? அத்தனை பேர் பிழைப்பையும் என் விரல்தான் கெடுத்ததோ? அம்மியில் துவையல் அரைக்கும்போதுகூட விழுது தண்ணியாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். விட்டுத் தள்ளு என்பார். விட்டுத் தள்ளுகிற விஷயமாக இருந்தால் நானே தள்ளியிருப்பேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் மின்னலடித்து டிவி நின்றுபோயிற்று. அரியலூரிலிருந்து மெக்கானிக் வந்தார். பின்பக்கத்து மூடியைக் கழற்றி, தூசியை வாயால் ஊதினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இங்க பாருங்க, கம்பெனிக்காரங்க பொட்டெல்லாம் வச்சு அனுப்பியிருக்காங்க. பக்திமானுங்க போல” என்று சிரித்தார்.

திருகு ஓட்டைக்குப் பக்கத்து மூலையில், காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் கறுத்துப்போன குங்குமம். அவர் துணியை எடுத்துத் துடைக்கப் போனார். “அதத் தொடாதீங்க” என்றேன். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஈயமும் பளபளவென்று கூம்பி நின்றது. செம்பில் பச்சை இல்லை, கறை இல்லை. ஒரு இடத்தில்கூட ஒட்டு விட்டிருக்கவில்லை.

“போர்டுல என்ன கோளாறுங்க?” என்று கேட்டேன்.

“போர்டுக்கு என்ன? போர்டு அருமையா இருக்கு. பியூஸ்தான் போயிருக்கு.”

பியூஸை மாற்றினார், படம் வந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. “கம்பெனியில போயி கேப்போம் வா” என்றார். பெரம்பலூருக்குப் போனோம். ஷெட்டில் உர மூட்டை அடுக்கியிருந்தது. சலுகைக் காலம் முடிந்ததும் கம்பெனியைத் தூக்கிக்கொண்டு வேறு ஏதோ பின்தங்கிய ஊருக்குப் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று குடோன்காரருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நான் மட்டும் விக்கிரமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அவளிடம் நேரில் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் மனதில். காலனியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் இல்லை. அவள் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார், விரலெல்லாம் கொட்டைப் பால் பட்டுக் கறுத்திருந்தது. நான் யாரென்று சொன்னதும் பாயைப் போட்டு உட்கார வைத்தார்.

“கம்பெனியக் கெடுத்தவளுன்னு பேராயிப் போச்சு தாயி. அப்பறம் எங்க கேட்டும் வேல கெடைக்கல. கொஞ்ச நாளு கள வெட்டுனா. தாங்கல, ஏஜெண்டுகூட திருப்பூரு போயிட்டா. சின்னவளுங்களயும் ஒவ்வொண்ணா கூட்டிக்கிட்டா. பொங்கலுக்குக் கூட வரதில்ல.”

நான் நடந்ததைச் சொன்னேன். போர்டு கெடவில்லை, அதை டிவியில் வைத்து விற்றுவிட்டார்கள், அந்த டிவி என் வீட்டில்தான் இருக்கிறது, உங்கள் பெண் சொன்னதுதான் சரி என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கொட்டை உடைப்பதை நிறுத்தினார்.

“இத இனிமே யாருகிட்ட போயி சொல்றது?” என்றார்.

அவர் மறுபடி ஒரு கொட்டையைக் கையில் எடுத்தார்.

“அந்தப் பொட்டியில இன்னும் படம் தெரியுதா?”

“தெரியுதும்மா” என்றேன். “நல்லாவே தெரியுது.”