மாத்திரைக்கு முந்துன ரத்தம்

"காலையில மாத்திர போட்டாச்சா?"

ஊசியத் தொடுறதுக்கு முன்னாடி பெலிசியா இதத்தான் கேப்பாங்க. போட்டாச்சுன்னா, நாளைக்கு வான்னு அனுப்பிருவாங்க. குமராட்சிலேர்ந்து மினிபஸ்ஸுல வந்த ஒருத்தரு குதிச்சாரு. "சோத்தத் தின்னுட்டு வந்து, எவ்வளவு பசிக்குதுன்னு பாக்கச் சொல்றீங்களே மாமா!" பெலிசியா இப்புடிச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துருச்சு.

நேராவே எழுதுறேன்: இவுங்கள யாருக்கும் மொதல்ல பிடிக்காது.

சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரி. வலிப்புக்கு மாத்திர சாப்புடுறவங்க ரத்தத்துல அந்த மருந்து எவ்வளவு நிக்குதுன்னு அளக்குற ரூமு. கொறஞ்சா பிட்ஸு வரும், கூடுனா ஆளு தள்ளாடும். பெலிசியா அங்க டெக்னீசியன். தெனம் கடலூர்லேர்ந்து பஸ்ஸு. ஜன்னல் சீட்டு கெடைச்சாலும் உக்கார மாட்டாங்க. புதுச்சத்திரம் தாண்டுனா காத்து தாலாட்டும், அப்பறம் வேலையில கொட்டாவி வரும்பாங்க. மெஷினு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. மெஷினுக்கு ஒண்ணும் ஆவாது. அவுங்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

என் மச்சானுக்கு ரத்தம் பாக்கப் போனப்ப கேட்டேன், "மூளைக்கு எவ்வளவு போச்சுன்னு இதுல தெரியாதா?"

"ரத்தம் வாசப்படி வரைக்கும்தாண்ணே சொல்லும். உள்ள பாக்கணும்னா மண்டயத் தொறக்கணும்."

ஒருவாட்டி ஏதோ ஆராய்ச்சிக்காக, ஆபரேஷன்ல எடுத்த மூளைத் துணுக்கு ஐஸுல வந்துச்சாம். சுண்டக்கா அளவு. அரைச்சு, அதுல இருந்த மருந்த அளந்தது இவுங்கதான். அதுக்கு முன்னாடி சிலுவ போட்டுக்கிட்டாங்களாம். "யாரோ ஒருத்தரோட ஞாபகம் அதுல இருந்துருக்கும்ல?"

அன்னைக்கு எங்களுக்கு அடுத்தது மரியலூர்து. டைல்ஸ் ஒட்டுறவரு, கடலூர்ல பெலிசியாவோட பங்குக்கோயில்காரரு. பொண்டாட்டி ரோசியும் கூட வந்துருந்தாங்க. ரெண்டு தடவ அளந்தப்பவும் அவரு ரத்தத்துல மருந்து நெறையாவே இருந்துச்சு. ஆனா பிட்ஸு நிக்கல. இந்தத் தடவையும் நெறஞ்சிருந்தா மருந்து கேக்கலைன்னு அர்த்தம், மண்ட ஆபரேஷனுக்கு மெட்ராசுக்கு எழுதிருவேன்னுட்டாரு டாக்டரு. ஒழுங்காப் போடுறாரான்னு இன்னொரு வாட்டி விசாரிங்கன்னு பெலிசியாகிட்டயும் சொல்லியிருந்தாரு.

கையில ரப்பரக் கட்டிக்கிட்டே கேட்டாங்க. "விடாமப் போடுறியா லூர்து?"

"மாதா சத்தியமாப் போடுறேங்க்கா."

"டப்பா காலியாத்தான் ஆவுது," ன்னாங்க ரோசி.

பெலிசியா ஊசிய எடுக்காம கேட்டாங்க. "சரி, ஒருசந்தி என்னைக்கெல்லாம் இருக்க?"

லூர்து நிமிந்து உக்காந்தாரு. "வெள்ளி, சனி. தவக்காலம்னா தெனம். ராத்திரி ஒரு வேளதான் சாப்பாடு."

"அப்ப காலை மாத்திர?"

லூர்து மெதுவா, "வெறும் வயித்துல எரியுதுக்கா. விட்டுர்றது."

"பின்ன ரத்தத்துல எப்புடிய்யா நெறஞ்சு நிக்குது?"

"டெஸ்ட்டுக்கு முந்துன நாளு, விட்டதயெல்லாம் சேத்துப் போட்டுக்குவேன். கொறஞ்சிருந்தா டாக்டரு திட்டுவாருல்ல?"

ரோசி தலையில அடிச்சுக்கிட்டாங்க. "அடப்பாவி மனுசா! திட்டுக்குப் பயந்துக்கிட்டு மண்டயக் குடுக்கப் பாத்தியே!"

நான் யூனியன்காரன். ஆலை வாசல்ல எத்தனையோ கேட் மீட்டிங்குல நிர்வாகத்துக்குப் பயந்து வாய மூடிக்கிட்ட ஆளுங்கள பாத்துருக்கேன். டாக்டருக்குப் பயந்து கபாலத்தயே நீட்டுன ஆள அன்னைக்குத்தான் பாத்தேன்.

பெலிசியா கத்தல. "சாமிக்கு சோத்த விடு. மாத்திரய விடச் சொல்லி எந்த சாமியாரு சொன்னாரு? கஞ்சியக் குடிச்சுட்டுப் போடு. மொத்தமா முழுங்குனா ஆளயே சாச்சுரும், தெரியுமா? இப்பவே டாக்டர்கிட்ட போயி எல்லாத்தயும் சொல்லு. ஒழுங்காப் போட்டுட்டு அவரு சொல்ற அன்னைக்கு வா, அளப்போம்."

"நீங்க சொல்லக் கூடாதாக்கா?"

"நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

லூர்து நீட்டுன கைய மடக்கவே இல்ல. "அப்ப மெட்ராசு?"

பெலிசியா ரத்தம் எடுக்காமயே ரப்பர அவுத்தாங்க. மடிச்சு விட்டிருந்த முழுக்கைச் சட்டைய இழுத்து எறக்கி, மணிக்கட்டுப் பட்டனையும் அவுங்களே போட்டு விட்டாங்க.