ஏடனிலிருந்து வந்த தோல்

ஆம்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அரபி கற்பிக்கும் முன்ஷியாக இருந்த சத்தாருக்கு, அந்தத் தோல்துண்டு வந்த நாளிலிருந்தே வயிறு சரியில்லை. சந்தோஷம் தாங்காமல்தான் இப்படி என்று முதலில் நினைத்துக்கொண்டார்.

அது 1924. அவருக்கு வயது நாற்பத்தைந்து. பத்தொன்பது வயதில் ஒரு தோல் வியாபாரியின் குமாஸ்தாவாக ஏடன் துறைமுகத்துக்குப் போனவர், கிடங்கு வாசலில் படியாகப் போட்டிருந்த கல்லில் சீப்பும் ஏணியும் போல எழுத்துகள் நிற்பதைப் பார்த்தார். அரபி கற்றவருக்கு ஒன்றுகூட விளங்கவில்லை. "அறியாமைக் காலத்து எழுத்து, அத படிச்சு இன்னா ஆகப்போவுது?" என்றார்கள் கூட இருந்த ஆம்பூர்க்காரர்கள். சத்தாரால் அப்படி விட முடியவில்லை. இஸ்லாம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு தென் அரேபியாவில் ஆண்டவர்களின் எழுத்து அது என்று ஒரு கப்பல் டாக்டர் சொல்லி, எழுத்து வரிசையையும் எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு பதின்மூன்று வருஷம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கல் தேடிப் போவதே சத்தாரின் வேலையாயிற்று. ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, காய்ந்ததும் உரித்தெடுப்பார். எழுத்து காகிதத்தில் புடைத்து நிற்கும். ஊர் திரும்பியபோது பெட்டியில் துணியை விட இந்தக் காகிதப் படிகள்தான் அதிகம். சிலவற்றை லண்டனில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார். அவர் புத்தகத்தில், 'ஓர் இந்தியக் குமாஸ்தா தந்த படி' என்று ஓரிடத்தில் அடிக்குறிப்பு வந்தது. பெயர் வரவில்லை.

அந்தத் தோல்துண்டுதான் பெயர் வாங்கித் தருவதாக இருந்தது. பழைய ஏடன் நண்பர் ஒருவர் மூலம் வந்தது. ஒரு சாண் நீளம், நான்கு வரி. தோல் வணிகர்கள் சேர்ந்து தங்கள் தெய்வத்துக்குச் செய்த காணிக்கை பற்றியது. கல்லில் அல்லாமல் தோலில் இந்த எழுத்தைச் சத்தார் அதுவரை கண்டதில்லை. லண்டனில் ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். அந்தச் சஞ்சிகை அவர் பெயரிலேயே வெளியிடுவதாகப் பதில் எழுதி, மூலத்தையும் அனுப்பச் சொன்னது. ஊரில் செய்தி பரவியது. தோல் வியாபாரிகள் கூடிப் பாராட்டுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

தோலின் ஒரு முனை விறைத்து மடிந்திருந்தது. தபாலில் உடைந்துவிடுமோ என்று பயந்து, அதை இளக்கித் தரும்படி மைத்துனரின் பதனிடும் கிடங்குக்கு எடுத்துப்போனார். அங்கே முப்பது வருஷமாகத் தோல் தரம் பார்ப்பவர் தேவசகாயம். அவர் துண்டை முகர்ந்தார், நகத்தால் கீறினார், மடிப்பை மெல்ல விரித்தார். முகம் மாறியது.

"முன்ஷி சாயபு, இது எந்த ஊர் சரக்கு?"

"அரேபியா. ரெண்டாயிரம் வருஷத்துது."

தேவசகாயம் துண்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "கோச்சுக்காதீங்க. இது நம்ம ஆவாரம்பட்டையில பதம்பண்ண தோலு. மேல பாருங்க, செவந்து கெடக்குது. மடிப்புக்குள்ள மஞ்சளா இருக்குது. கடசில போடுற கடுக்காய் பத்தலன்னா வெளிச்சம் பட்டு ஆவாரம் இப்டித்தான் செவக்கும். ஆறேழு வருஷம் இருந்தா ஜாஸ்தி."

"நல்லா பாத்தியா?"

"கையே சொல்லுது சாயபு. அரேபியாவுல ஆவாரம் மொளைக்குதா இன்னா?"

அங்கே கருவேலங்காயால் பதனிடுவார்கள் என்பது சத்தாருக்குத் தெரியாததல்ல. மூன்றாம் வரியில் ஓர் எழுத்து காலத்துக்குப் பொருந்தாமல் சாய்ந்து நின்றதும் தெரியாததல்ல. எழுதியவன் கை நடுங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, மடிப்புக்குள்ளிருந்து எழுத்தில்லாத ஓரத்தில் மெல்லிய கீற்று வெட்டினார். அதன் பாதியை ஓட்டுத்துண்டால் மூடி மாடியில் வெயிலில் வைத்தார். தினமும் பத்துத் தடவை மாடி ஏறினார். வகுப்பில் பாடம் நடத்தும்போதே வார்த்தை நின்றுபோனது. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம். லண்டனில் ஆம்பூர்த் தோலைத் தெரியாத தோல்கடையே இல்லையே என்று இன்னொரு மனம். இதைப் பார்த்தால் பழைய படிகளையும் சந்தேகப்படுவார்களோ என்ற நினைப்பும் வந்தது.

எட்டாம் நாள் ஓட்டுத்துண்டை எடுத்தார். மூடிய பாதி மஞ்சள். மூடாத பாதி சிவப்பு.

மனைவி ரஃபத் ஜஹான் பின்னாலேயே வந்து நின்றாள். அவளும் தோல்காரர் வீட்டுப் பெண். விளக்கம் தேவைப்படவில்லை.

"கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருக்குது. எங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு" என்றாள். பிறகு, "இப்படியே வச்சுக்கிட்டா உங்களுக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டாள்.

சத்தார் கீழே இறங்கிப்போய்த் தந்தி கொடுத்தார்: தோல் புதியது, கட்டுரையை நிறுத்தவும்.

கூட்டம் ரத்தானது. மைத்துனர் இரண்டு மாதம் பேசவில்லை. கடைத்தெருவில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. லண்டனிலிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே சத்தார் வாசலுக்கு வந்துவிடுவார்.

நான்காம் மாதம் சஞ்சிகையின் இரண்டு இதழ்கள் ஒன்றாக வந்தன. முதலாவதில் கட்டுரை இருந்தது. தந்தி போவதற்குள் அச்சாகிவிட்டதாம். இரண்டாவதில், தந்திக்குப் பின்னாலேயே அவர் அனுப்பியிருந்த மறுப்பு அரைப்பக்கம். ஆசையாகக் காத்திருந்த தன் பெயரை, தவறை ஒப்புக்கொள்ளும் வரிகளுக்குக் கீழேதான் சத்தார் நெடுநேரம் பார்த்தார். கூடவே பேராசிரியரின் கடிதம். இதே கையெழுத்தில் வேறு இரண்டு தோல்களை ஐரோப்பிய மியூசியங்கள் வாங்கியிருந்தனவாம். இரண்டும் சிவந்தே இருந்தனவாம். 'கல்லில் எடுத்த படிகள் அனைத்தையும் அனுப்புங்கள். நீங்கள் சொல்வதை இனி நம்பலாம்' என்று முடித்திருந்தார்.

அடுத்த பத்து வருஷத்தில் அந்தப் படிகளைப் பற்றிச் சத்தார் ஆறு கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொன்றையும் தபாலில் போட்டபின் மூன்று நாள் வயிறு கலங்கும்; அது கடைசிவரை போகவில்லை. 1935இல் காலமானார்.

மறுப்பு வந்த அன்று மாலையே அவர் கிடங்குக்குப் போயிருந்தார். இதழில் ஒரு வரியைக் காட்டி, "இதுல உங்க பேர் இருக்குது, தேவசகாயம். கண்டுபுடிச்சது நீங்கன்னு எழுதியிருக்கேன்" என்றார்.

தேவசகாயம் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என் பேரா? இன்னாத்துக்கு சாயபு?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி ஏதாச்சும் சொல்லுவாரா?"

"சொன்னா நான் பேசிக்கிறேன்" என்றார் சத்தார்.